அக்னி நட்சத்திரத்துக்கு முன் எங்கள் பனியன் கம்பெனியில் செய்த வேலைகள்

திருப்பூரில் எங்களுடையது சிறிய பனியன் கம்பெனி. கீழே கட்டிங், மாடியில் தையலும் செக்கிங்கும் அயர்னிங்கும். மாடிக்கு மேலே தகரக் கூரை. எல்லாரையும் சேர்த்து 38 பேர்.

போன வருடம் மார்ச் கடைசியில், மதியம் மூன்று மணி வாக்கில் மாடியில் ஏதோ கருகுகிற வாடை வந்தது. அயர்ன் பாக்ஸில் துணி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தேடினோம், இல்லை. மறுநாள் காலையில் வாடையே கிடையாது. மதியம் அதே நேரத்துக்கு மறுபடி வந்தது. டெய்லருக்குக் கைத்துணையாகக் கைமடி வேலை செய்கிற பெண்தான், "அக்கா, இந்தப் பொட்டிகிட்ட வந்தாத்தானுங்க வருது" என்று மெயின் பேனலைக் காட்டினாள்.

எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினார். மூன்று பேஸில் ஒன்று மட்டும், சுவிட்சுக்குள் நுழைகிற இடத்தில், ஒயரின் சிவப்பு உறை இரண்டு விரற்கடை நீளத்துக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. அவர் நகத்தால் தொட்டதும் பிஸ்கட் மாதிரிப் பொடிந்து விழுந்தது. சுற்றிலும் பஞ்சுத் தூசி பூனை மயிர் போலப் படர்ந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருப்பினார், ஸ்க்ரூ முக்கால் சுற்று போனது.

"எம்.சி.பி. இருக்கே அண்ணா, அது ஏன் விழலை?" என்று கேட்டேன். ஆபத்து என்றால் தானாகவே விழுந்து கரண்டை நிறுத்துகிற சுவிட்ச்தான் எம்.சி.பி.

"கரண்டு அதிகமாப் போனாத்தானுங்க அது விழும். இங்க கரண்டு சரியாத்தான் போவுது. போற வழிதான் லூசு."

இதை எல்லாச் சின்னக் கம்பெனிக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எம்.சி.பி. மாட்டியாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று நானும் பத்து வருடமாக நம்பியிருந்தேன். இணைப்பு தளர்ந்தால் அந்த இடத்தில் மின்தடை கூடி, போகிற கரண்டே அதைச் சூடாக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் அந்த இடத்துச் சூடு நாலு மடங்கு. கோடையில் எல்லா பேனும் எக்ஸாஸ்டும் முழு வேகத்தில் ஓடுகின்றன. தகரத்துக்குக் கீழே வெப்பம் ஏற்கனவே நாற்பதைத் தாண்டியிருக்கும். சாதாரண பி.வி.சி. ஒயர் 70 டிகிரி வரைதான் தாங்கும். அந்த 70-ஐத் தொட மார்கழியில் ஒயருக்கு இருந்த இடைவெளி சித்திரையில் இருக்காது. எங்களுக்கு வாடை மதியம் மட்டும் வந்ததற்குக் காரணம் அதுதான்.

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்துவிடும், அதற்குள் எல்லாவற்றையும் முடிப்பது என்று முடிவு செய்தோம். முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வயரிங்குக்கே போயின. மெயினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் திருப்பிப் பார்க்கிற வேலை. 60 இணைப்புகளுக்கு மேல் பார்த்ததில் ஒன்பது தளர்ந்திருந்தன. ஓரிடத்தில் அலுமினிய ஒயரையும் செம்பு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். இந்த இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் நாளடைவில் அரித்துச் சூடாகும், நடுவில் அதற்கென்று உள்ள, இரண்டு உலோகமும் சேர்ந்த பைமெட்டல் லக் போட வேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் அண்ணன் மாற்றினார். ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு பேஸில் 41 ஆம்பியர், மற்ற இரண்டில் 22, 19. மெஷின் வாங்க வாங்கக் கைக்கு எட்டின பாயின்ட்டில் மாட்டிக்கொண்டே போனதன் விளைவு. மெஷின்களை மூன்று பேஸுக்கும் சமமாகப் பிரித்து மாற்றினோம்.

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழியை நான் நினைத்தே பார்த்ததில்லை. கோடையில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை கூடிவிடும். மூடியைத் தூக்கினால் உள்ளே மண் வெடிப்பு விட்டுக் கிடந்தது. அன்றிலிருந்து வாட்ச்மேன் தாத்தா தினமும் காலையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறார்.

அப்புறம் பஞ்சு. வேலை முடிந்ததும் ஏர் கன்னால் மெஷினை ஊதிவிடுவது எங்கள் ஊரில் எல்லாக் கம்பெனியிலும் வழக்கம். மெஷின் சுத்தமாகிவிடும். ஆனால் ஊதின பஞ்சு டியூப் லைட் பட்டிக்கும் பேன் மோட்டாருக்கும் பேனலுக்கும்தான் போகும். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன், ஒரு டியூப் லைட்டின் மேலே விரல் கனத்துக்கு மெத்தை போலப் படிந்திருந்தது. ஏர் கன்னை நிறுத்தி இரண்டு வேக்வம் வாங்கினோம். டெய்லர்களுக்கு முதலில் பிடிக்கவில்லை, பத்து நிமிடம் கூடுதலாக ஆகிறது என்றார்கள். அந்தப் பத்து நிமிடத்தைச் சம்பள நேரத்துக்குள் சேர்த்ததும் சரியாகிவிட்டது. கட்டிங் வேஸ்டையும் வாரம் ஒருமுறை என்பதை மாற்றி, தினமும் மாலை மூட்டை கட்டி வெளியே அனுப்புகிறோம்.

மிகவும் கஷ்டமாக இருந்தது கதவு விஷயம். மாடியிலிருந்து இறங்க வெளிப்பக்கம் ஒரு இரும்புப் படிக்கட்டு உண்டு. துணி திருட்டுப் போகிறது என்று அந்தக் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தோம். சாவி என் மேஜை டிராயரில். கதவுக்கு முன்னால் துணி ரோல்களை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தோம். பூட்டை எடுக்கச் சொன்னதற்கு என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு ரோல் போனா யாரு குடுப்பா?" என்றார். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அந்தக் கட்டடத்தில் இறங்கக் குறுகலான படிக்கட்டுதான் இருந்தது. அன்றைக்கு டிவி முன்னால் என்னோடு உட்கார்ந்து அழுதவர் இவர். அதை நினைவுபடுத்தினேன். ஒன்றும் பேசாமல் போனார். மறுநாள் அவரே வெல்டிங் ஆளைக் கூட்டிவந்து, உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத தாழ்ப்பாள் போட்டார். ரோல்களைக் கீழே இறக்க ஒரு நாள் உற்பத்தி போனது.

தீயணைப்பு உரிமத்தைப் புதுப்பிக்கும் வேலையும் இதோடு சேர்ந்தே நடந்தது. காகிதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆன்லைனில் விண்ணப்பம், கட்டட வரைபடம், பணம் கட்டின ரசீது, பிறகு ஆய்வு. ஆனால் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். அப்போது நிலையத்தில் கேட்டால் கம்பெனிக்கே வந்து செய்முறை காட்டுகிறார்கள். அவசியம் கேளுங்கள். வந்த அதிகாரி, ஏன் ஏப்ரல் 14 என்பதில் ஆரம்பித்தார். 1944-இல் அந்த நாளில்தான் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் பலர் இறந்தார்கள். கப்பலில் முதலில் தீப்பிடித்தது பஞ்சுப் பொதியில். இதைக் கேட்டதும் டெய்லர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"துணி ரோல்ல மேல தீ அணைஞ்சுட்டாலும் உள்ள கனன்னுட்டே இருக்கும். பவுடர் அடிச்சுட்டுப் போயிடாதீங்க. வெளிய இழுத்துப் பிரிச்சுத் தண்ணி ஊத்துங்க" என்றார் அவர். பேனலுக்குத் தண்ணீர் கூடவே கூடாது, அதன் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைக்க வேண்டும், அடிக்கும்போது அதன் கூம்பு முனையைக் கையால் பிடித்தால் தோல் உறைந்து புண்ணாகிவிடும் என்றும் காட்டினார். எங்களிடம் இருந்த ஆறு சிலிண்டர்களில் இரண்டின் முள் சிவப்பில் நின்றது. சுவரில் தொங்குகிறதே என்று யாரும் பார்க்கவில்லை. 6 கிலோ பவுடர் சிலிண்டர் அரை நிமிடம்கூட வராது என்பதும் அன்றுதான் தெரிந்தது. அதற்குள் அணையவில்லை என்றால் 101-க்குச் சொல்லிவிட்டு எல்லாரும் வெளியேற வேண்டியதுதான்.

வெளியேறுகிற ஒத்திகையில் முதல் தடவை 4 நிமிடம் 10 வினாடி ஆனது. ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்கிற பெண்களுக்கு நாங்கள் தமிழில் கத்தியது புரியவில்லை. மற்றவர்கள் செருப்பையும் டிபன் பாக்ஸையும் போனையும் தேடினார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியையே மாடிக்குப் பொறுப்பாக்கி, ஒடியாவில் என்ன கத்த வேண்டும் என்று அவளையே முடிவு செய்யச் சொன்னோம். மூன்றாம் தடவை 1 நிமிடம் 35 வினாடி.

அயர்னிங்கில் ஒரே ஒரு மாற்றம். கரண்ட் போனால் பாக்ஸை மேஜையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஆள் இல்லாதபோது கரண்ட் வந்தால் அது துணி மேலேயே சூடேறிக்கொண்டிருக்கும். இப்போது கரண்ட் போன உடனே அயர்னிங்குக்கான சுவிட்சை மாஸ்டர் அணைக்கிறார். ஆள் திரும்பி வந்த பிறகுதான் போடுகிறார்.

கடைசியாக, தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டுகிற துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினோம். பளபளப்பான உலோகத்தில் காட்டினால் தப்பாகக் காட்டும், ஒயர் உறையில்தான் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து பார்ப்பது எலெக்ட்ரீஷியன் அண்ணன் வேலை. வாரம் ஒரு நாள், லோடு உச்சத்தில் இருக்கும் மதியம் மூன்று மணிக்கு வருகிறார். அவர் சொல்லச் சொல்ல, முதலில் வாடையைக் கண்டுபிடித்த அந்தக் கைமடிப் பெண் எட்டி நின்று நோட்டில் எழுதுகிறாள். மே மாதம் இரண்டாவது வாரம் மற்ற ஒயர்கள் எல்லாம் 44, 45 என்று இருக்க, ஒன்று மட்டும் 59 காட்டியது. லைனை நிறுத்தி, மெயினை அணைத்து ஸ்க்ரூவை முறுக்கினார். கால் மணி நேரத்தில் மெஷின்கள் மறுபடி ஓடின. நோட்டில் அந்த 59-ஐச் சுற்றி அவள் போட்ட சிவப்பு வட்டம் இருக்கிறது, பக்கத்தில் மறுநாள் பார்த்த அளவு: 45.