மின்சாரம் வரும்போதெல்லாம் பெயர் மாற்றிய பெட்டி

யாங்கூன் அனவ்ரதா சாலையில், காளியம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி என் சித்தப்பாவின் மளிகைக் கடை. மாடி வீட்டு வைஃபையை வாங்கிக் கடைக்குள் பகிரும் சின்ன ரௌட்டரை நான்தான் மாட்டிக் கொடுத்தேன். மாடிக்காரர் கறாரானவர், தாம் பதிந்த மேக் முகவரிகளை, அதாவது கருவிகளின் அடையாள எண்களைத் தவிர வேறெதையும் உள்ளே விடமாட்டார். பதிந்தார், ஓடியது. மின்சாரம் போய் வந்ததும் நின்றது. மறுபடி பதிந்தார், மறுபடி நின்றது. இந்த ஊரில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்று சொல்லத் தேவையில்லை.

"உன் பெட்டி தினம் ஒரு பெயர் சொல்கிறதாமே, தம்பி" என்றார் சித்தப்பா.

பதிந்திருந்த முகவரிகளை வரிசையாகப் பார்த்தேன். முகவரி 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையுமான இலக்கங்களால் ஆனது. எல்லாவற்றிலும் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ என்பவற்றுள் ஒன்று. தொழிற்சாலை தந்த முகவரி இப்படி அமையாது. இது மென்பொருள் தானே சூட்டிக்கொண்ட பெயர். ரௌட்டர் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவும் முகவரி செல்லாதது என்றே சொன்னது.

ரௌட்டரில் இருப்பது மீடியாடெக் எம்டி7628 சிப். அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், நிரந்தர நினைவகமான ஃபிளாஷில் 'ஃபாக்டரி' என்ற பகுதியைப் படிக்கும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 4ஆம் பைட் முதல் ஆறு பைட்டுகள்தாம் முகவரி. வன்பொருள் விவரக் கோப்பான டிவைஸ் ட்ரீயில் வேறு முகவரி தந்திருந்தால் அதற்கே முன்னுரிமை. எங்கும் சரியானது கிடைக்காவிட்டால் ஏதோ ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். அதை எங்கும் சேமிக்காது, அதனால் மின்சாரம் வரும்போதெல்லாம் புதுப் பெயர்.

அந்தப் பகுதியைத் திறந்தேன். முழுக்க எஃப்எஃப், அதாவது வெற்று. செய்தவன் நான்தான்: ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரௌட்டர் இயங்குதளத்தை ஏற்றும் அவசரத்தில், நகல் எடுக்காமல் ஃபிளாஷ் முழுவதையும் துடைத்திருந்தேன்.

முகவரி போனது பெரிதல்ல, பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கிறது. வைஃபை ரேடியோவின் அலைவலிமையையும் அலைவரிசையையும் சரியாக வைக்கும் அளவுத்திருத்தத் தரவும் அதே பகுதியில்தான் இருந்தது. அதற்கு ஸ்டிக்கர் கிடையாது. நல்லவேளை, கூடவே வாங்கிய அதே மாடல் ஒன்று வீட்டில் இருந்தது. அதன் ஃபாக்டரி பகுதியை நகலெடுத்தேன். தொடக்கம் 28 76, சிப்பின் எண் பின்முன்னாக. பார்த்ததும் உயிர் வந்தது. ஆறு பைட்டுகளை மட்டும் ஸ்டிக்கர்படி மாற்றினேன். மாற்றாவிட்டால் ஒரே முகவரியில் இரண்டு பெட்டிகள் முட்டிக்கொள்ளும். அளவுத்திருத்தம் பலகைக்குப் பலகை வேறுபடும் என்பதால் இது இரவல் சட்டைதான். கடையின் நீளத்துக்குப் போதும்.

ஓபன்டபிள்யூஆர்டியில் அந்தப் பகுதி எழுதமுடியாதபடி பூட்டப்பட்டிருந்ததால், பெட்டியைப் பிரித்து, ஃபிளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி, வெளியிலிருந்துதான் எழுதினேன். இம்முறை முதலில் முழு ஃபிளாஷையும் இரண்டு இடங்களில் நகலெடுத்த பிறகே.

மாலையில் மின்சாரம் போனது, வந்தது. வைஃபையும் கூடவே வந்தது. மாடிக்காரரின் பட்டியலில் தேங்கிக் கிடந்த பொய்ப் பெயர்களை அழிக்கத்தான் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.