பள்ளி மொட்டைமாடிக்கு வெள்ளை பூச நான்கு நடை

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குக் குளிர்கூரைப் பூச்சு (வெயிலைத் திருப்பியனுப்பி மாடி சூடேறாமல் காக்கும் வெள்ளைப் பூச்சு) அடித்து முடித்துவிட்டோம். அடிக்க மூன்று நாள். அனுமதி வாங்க ஏழு வாரம். கும்பகோணம் பக்கத்துப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் சில விவரம் கேட்டதால் எழுதுகிறேன்.

பணம் முன்னாள் மாணவர்கள் தந்தார்கள். குழுத் தீர்மானமும் தலைமையாசிரியர் கடிதமும் ஒரே நாளில் தயாராயின. கட்டடம் ஒன்றியத்துக்குச் சொந்தம் என்பதால் ஆடி கடைசியில் ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஒப்புகை கேட்காமல் வந்ததுதான் நான் செய்த தவறு. மூன்று வாரம் கழித்துப் போனால், "அப்படி ஒரு மனுவே வரவில்லையே அம்மா" என்றார் எழுத்தர்.

அங்கேயே மறுபடி எழுதிக் கொடுத்தேன். கட்டட வரைபட அனுமதி எங்கே என்றார். "வெள்ளை பூசத்தானே சார் கேட்கிறோம்?" என்றேன். கூரையில் எதைச் செய்தாலும் வரைபடம் வேண்டுமாம். தெலங்கானாவில் 2023 முதல் அரசுக் கட்டடங்களுக்குக் குளிர்கூரை கட்டாயம், 600 சதுர கஜமும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் கட்டும் வீடுகளுக்கும் கட்டாயம் என்று அச்செடுத்துப் போயிருந்த தாளை நீட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "அது அந்த மாநிலம். இங்கே ஆணை இருந்தால் கொண்டுவாருங்கள்." பஸ்ஸில் திரும்பும்போது தொண்டை அடைத்தது. மதியத்துக்கு மேல் வகுப்பறையில் இருக்க முடியாமல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நடையில் நேராக ஒன்றியப் பொறியாளரைப் பார்த்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள். "பூச்சு வேலைக்கு வரைபடம் எதற்கு?" என்று எழுத்தரை அழைத்து என் எதிரிலேயே கேட்டார். பொறியாளர் கேட்ட தாள் வேறு: பூச்சின் பரிசோதனை அறிக்கை. வணிகக் கட்டடங்களுக்கான 2017 எரிசக்திச் சேமிப்பு விதித்தொகுப்பில், தட்டையான கூரை என்றால் வெயிலைத் திருப்பியனுப்பும் பிரதிபலிப்பு ஒன்றுக்குக் குறைந்தது 0.6, சூட்டை வெளிவிடும் வெப்ப உமிழ்வு 0.9 இருக்க வேண்டும். அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். வெள்ளையாக இருந்தால் மட்டும் போதாது, வாங்கிய சூட்டை வெளியே விடவும் வேண்டும் என்று அவர் விளக்கியது நியாயமாகவே பட்டது. எங்கள் கடைக்காரரிடம் வாளியில் ஒட்டிய 'கூல்' என்ற எழுத்தைத் தவிர ஒன்றும் இல்லை. தஞ்சாவூரில் ஒரு விற்பனையாளர் இரண்டே நாளில் அறிக்கையை வரவழைத்துக் கொடுத்தார். அதைக் காட்டிய அன்றே கையெழுத்து கிடைத்தது. அறிக்கை கைக்கு வராமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். பெய்வதற்குள் முடிக்க வேண்டுமே என்ற அவசரத்தில் ஒரு மூலையில் பாசியைச் சரியாகச் சுரண்டாமல் அடித்துவிட்டார்கள். மறுநாள் நகத்தால் நெம்பினேன். அப்பளம் போல உரிந்து வந்தது, அடியில் பச்சை அப்படியே இருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, காயவிட்டு அந்த மூலையை மறுபடி அடித்தோம். கழுவும்போது மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை அடைத்துவிடுங்கள். முதல் மழைத் தண்ணீரையும் வெளியே விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்த மறுநாள் மதியம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் மாடியில் நின்றேன். கால் சுடவில்லை. ஐந்தாம் வகுப்பு உள்ளே வந்துவிட்டது.

அங்கன்வாடிக்கும் திங்கட்கிழமை மனு கொடுத்திருக்கிறேன். இந்த முறை தேதி முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு வாங்கிய பிறகுதான் நகர்ந்தேன்.