சாக்ஸில் மேல் ஜி வராத ஆறு மாதம்

பள்ளிக்கூட பேண்டில் ஆரம்பித்து பன்னிரண்டு வருஷமாக கிளாரினெட் ஊதுகிறவன் நான். கத்ரி கோபால்நாத்தைக் கேட்டுக் கேட்டு சாக்ஸபோன் ஆசை வந்து, ஒரு பழைய ஆல்டோ சாக்ஸை வாங்கி, முதல் வாரத்திலேயே நாலு பாட்டு வாசித்தும் காட்டிவிட்டேன். விரல் போடுவது ஏறக்குறைய பழகியதுதான், ஊதுவதும் லேசு. "இதெல்லாம் ஒரு வேலையா" என்று நண்பனிடம் வாய்விட்டேன். அந்த வாயை அடைத்தது ஒரே ஒரு சுரம். கீ எல்லாம் தீர்ந்துபோன பிறகு, மேல் எஃப் ஷார்ப்பைத் தாண்டினால் வருகிற ஜி.

கொடுமை என்னவென்றால், ஆல்டோவில் ஜி என்று எழுதப்படும் அந்த சுரம், பியானோவில் ஒரு பி ஃபிளாட்டாக ஒலிக்கும், சுமார் 932 ஹெர்ட்ஸ். அதே சுரத்தை (அங்கே அதற்குப் பெயர் சி) பி ஃபிளாட் கிளாரினெட்டில் எடுக்க இடது கட்டைவிரல் மட்டும் போதும், மற்ற விரல்கள் சும்மா இருக்கலாம். தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பேன். கிளாரினெட்டில் ஆல்டிசிமோ என்கிற மேல் மாடியே அந்த சுரத்துக்கு அப்புறம்தான் தொடங்குகிறது. அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆர்ட்டி ஷா 1940ல் தன் கிளாரினெட் கான்செர்ட்டோவை முடித்த உச்சி சி, இதற்கும் ஒரு ஸ்தாயி மேலே. அப்படிப்பட்ட சாதாரண சுரம் சாக்ஸில் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது?

கிளாரினெட்டின் குழாய் கிட்டத்தட்ட முழுக்க ஒரே அகலம். அதனால் ஒரு சுரத்தை மேலே தள்ளினால் அடுத்த ஸ்தாயி வராது, அதையும் தாண்டிய பஞ்சமம் வரும். இடது கையின் மூன்று விரல்களையும் கட்டைவிரலையும் வைத்து ஊதுங்கள், சி வரும். அதை ச என்று வைத்துக்கொள்வோம். சுரத்தை மேலே தள்ளும் ரெஜிஸ்டர் கீயை அழுத்தினால் ஜி, அதாவது ப. இப்போது ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கி, வலது சுண்டுவிரலால் ஒரு கீயைத் தொட்டால் ஈ, அந்தர காந்தாரம். ச, ப, க. தம்புராவைச் சுருதி சேர்த்துவிட்டு சும்மா உட்கார்ந்தால் காதுக்குள் வந்து நிற்குமே, அந்தக் காந்தாரமேதான். இதையெல்லாம் விரல்தான் செய்கிறது, நான் கொஞ்சம் உதட்டை இறுக்கினால் போதும். போதும் என்றுதான் பன்னிரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாக்ஸ் புனல் மாதிரி விரிந்துகொண்டே போகும் குழாய். கீழ் பி ஃபிளாட் பிடித்துக்கொண்டு விரலை அசைக்காமலே ச, மேல் ச, ப, இன்னொரு ச, க என்று ஏறலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உச்சிக்குப் போகப் போக குழாயின் பிடி தளர்ந்துவிடுகிறது. விரல் சரியாக இருந்தாலும் ரீட், அதாவது மவுத்பீஸில் அதிரும் நாணல் பட்டை, எந்த சுரத்தில் நிற்பது என்று தெரியாமல் கீழே விழும். சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008ல் இதை அளந்தே காட்டினார்கள்: தேர்ந்த கலைஞர்கள் ஆல்டிசிமோ வாசிக்கும்போது வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் உள்ள காற்றறையை அந்த சுரத்துக்கு ஏற்றபடி மாற்றுகிறார்கள், அதைச் செய்யத் தெரியாதவர்களுக்கு சுரம் வரவே இல்லை. படித்தபோது என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

நான் செய்தது கடிப்பது. கிளாரினெட்காரனுக்கு மேலே போவது என்றால் தாடையை இறுக்குவதுதானே! கீழ் உதட்டின் உள்பக்கம் பல் பதிந்து புண்ணாகும்வரை கடித்தேன். வந்ததெல்லாம் கீச்.

வழி கிடைத்தது மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதியபோது. ஆல்டோ மவுத்பீஸில் பியானோவின் ஏ, 880 ஹெர்ட்ஸ் பக்கம் வரவேண்டும் என்பது பலரும் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. எனக்கு அதைவிட எவ்வளவோ மேலே வந்தது, அவ்வளவு கடி. அதைக் கீழே இறக்கவே ஒரு மாதம் போனது. அப்புறம் விரலை மாற்றாமலே மேல் சுரங்களை எடுக்கும் ஓவர்டோன் சாதகம், சிகுர்ட் ராஷர் என்ற ஜெர்மன் சாக்ஸ் கலைஞர் 1941லேயே புத்தகமாகப் போட்டு வலியுறுத்தியது. தினம் இருபது நிமிஷம், கீழ் பி ஃபிளாட்டிலிருந்து ச-ச-ப-ச-க. ஊதுவதற்கு முன் சுரத்தைப் பாடிப் பார்க்கவேண்டும். பாட வராத சுரம் சாக்ஸிலும் வரவில்லை, எனக்கு அப்படித்தான் நடந்தது.

ஆறாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜி வந்தது. உதட்டில் ஒன்றுமே செய்யவில்லை, நாக்கின் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தது, அவ்வளவுதான். நம்பாமல் திரும்ப ஊதினேன், போய்விட்டது. மூன்றாவது தடவை மறுபடி வந்தது.

அதற்கு அடுத்த வாரம் கிளாரினெட்டை எடுத்து, காந்தாரமாக வரும் அந்த ஈயை வாசித்தபோது, "என்னடா, ரீட் மாத்தினியா?" என்று அப்பா அடுத்த அறையிலிருந்து கேட்டார். பழைய ரீட்தான். இத்தனை வருஷமும் அந்த ஈ கூர்மையாக, சுருதிக்கு ஒரு முடி மேலே நின்றிருக்கிறது. விரல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

சாக்ஸில் இன்னும் ஏ வரவில்லை. ஃபிங்கரிங் சார்ட் ஆளுக்கொன்று சொல்கிறது. என் சாக்ஸில் ஜிக்கு அழகாகப் பேசும் விரல், நண்பனின் சாக்ஸில் வெறும் கீச். அவனுக்கு வருகிற ஏ விரலை நாளைக்கு என்னுடையதில் போட்டுப் பார்க்கவேண்டும்.