மூன்றாவது உடல்தான் நேராக வந்தது

முதலில் கட்டிய மாதிரி விமானம் நன்றாகவே பறந்தது. இடப்பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். மோட்டார் சுழற்சியால் வரும் இழுப்பு என்று நினைத்து, ரட்டரை, அதாவது வாலில் விமானத்தைத் திருப்பும் தகட்டை, கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்து ஓட்டினேன். மோட்டாரை நிறுத்திவிட்டு மிதந்து இறங்கும்போதும் அது இடப்பக்கமே திரும்பியதைக் கண்டபிறகுதான் சந்தேகம் வந்தது. கீழே வைத்து, வாலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், உடல், அதாவது மூக்கிலிருந்து வால்வரை போகும் நீளப் பெட்டி, புளியங்காய் மாதிரி வளைந்திருந்தது.

இரண்டாவது உடலைப் பற்றி அதிகம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பக்கப் பலகைகளின் உட்புறம் முன்பகுதியில் வலுவுக்காக மெல்லிய பிளைவுட் ஒட்ட வேண்டும். இரண்டு பலகைகளையும் ஒரே திசையில் கிடத்தி ஒட்டிவிட்டேன். செருப்பு இரண்டும் இடக்காலுக்கே வாங்கியது போல ஆகிவிட்டது.

மூன்றாவதைத் தொடங்கும் முன் முதல் உடல் ஏன் வளைந்தது என்று யோசித்தேன். பசையிலோ அளவிலோ பிழை இல்லை; மரத்தில்தான். வாலில் இரண்டு பக்கங்களையும் சேர்த்து இழுக்கும்போது, விறைப்பான பலகை குறைவாக வளையும், நெகிழ்வான பலகை கூடுதலாக வளைந்து கொடுக்கும். அதனால் வால் விறைப்பான பக்கமே ஒதுங்கும். என் இடப்பலகைதான் விறைப்பானது.

பலகைகள் பால்சா என்ற லேசான மரம்; அதில் இந்த வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. 3 மி.மீ. கனம், 100 மி.மீ. அகலம், ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை ஒன்று 30 கிராம் இருக்கும். பார்வைக்கு அதே போன்ற இன்னொன்று 60 கிராம் இருக்கும். எடை ஒத்துப்போனால் மட்டும் போதாது. அடிமரத்தை எந்தத் திசையில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே எடையுள்ள இரண்டில் ஒன்று குழாய் போலச் சுருட்ட வரும், மேற்பரப்பில் புள்ளி புள்ளியாக மினுக்கும் இன்னொன்றோ வளைக்கப் போனால் உடையும்.

கையிலிருந்த ஐந்து பலகைகளையும் மேசை விளிம்பில் பாதி நீட்டிவைத்து, நுனியில் ஒரே நாணயத்தை ஒட்டி, எவ்வளவு தொங்குகிறது என்று அளந்தேன். 38, 39 கிராம் இருந்த ஜோடி நல்ல ஜோடி என்று நினைத்தேன். ஒன்று 22 மி.மீ. தொங்கியது, மற்றது 31. கடைசியில் 41, 43 கிராம் இருந்த இரண்டைத்தான் எடுத்தேன். அவை ஒரே மாதிரி வளைந்தன. இதற்கே ஒரு மாலை முழுவதும் போனது. என்னைக் கேட்டால் வேலையில் பாதி இதுதான்.

இரண்டையும் ஊசியால் சேர்த்துக் குத்தி ஒன்றாக வெட்டி, ஒன்றாகவே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். குறுக்குச் சட்டங்கள் வரும் இடங்களையும் அப்படியே மூலைமட்டம் வைத்துக் குறித்தேன். பிறகு புத்தகம் போல விரித்து, இரண்டிலும் பெரிதாக 'உள்' என்று எழுதினேன். சிரிக்காதீர்கள்.

வரைபடத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, உடலைத் தலைகீழாக நிறுத்தினேன். மேல்விளிம்பு நேர்கோடாக இருந்ததால் அது வரைபடத்துக்கு அடியிலிருந்த வேலைப் பலகையில் படிந்து நின்றது. முதலில் இறக்கைக்கு நேரே வரும் இரண்டு சட்டங்கள் மட்டும். மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்று பார்த்துவிட்டு, வெள்ளைப் பசை இட்டு இரவு முழுவதும் விட்டேன். சூப்பர் குளூ வேகமானதுதான், ஆனால் பிழையையும் அதே வேகத்தில் பிடித்துக்கொள்ளும்.

மறுநாள் வாலைப் பசையில்லாமல் துணிக் கிளிப்பால் சேர்த்துப் பார்த்தேன். நடுக்கோட்டிலிருந்து 4 மி.மீ. இடப்பக்கம்! தேடினால், இடப்பக்க பிளைவுட் மற்றதைவிட 8 மி.மீ. பின்னால் நீண்டிருந்தது. அதைச் சீவிய பிறகும் 1 மி.மீ. மிச்சம். பலகைகள் வளையும் இடத்தில் வெளிப்புறத்தை ஈரத்துணியால் நனைத்து, வாலை நடுக்கோட்டிலேயே ஊசிகளுக்கு இடையில் சிறைவைத்துக் காயவிட்டேன். காலையில் ஊசிகளை எடுத்தபோது வால் அசையவில்லை. அதன்பிறகுதான் பசை.

அடிப்பலகையை, மர ரேகை குறுக்காக வரும்படி, வரைபடத்திலிருந்து உடலை எடுக்கும் முன்பே ஒட்டினேன். அது ஒட்டிவிட்டால் உடல் முறுக்கிக்கொள்ளாது. பிறகு இறக்கை உட்காரும் இடத்தில் ஓர் அளவுகோல், வால் இறக்கை இடத்தில் இன்னொன்று வைத்து, பின்னாலிருந்து பார்த்தேன். இரண்டும் இணையாக நின்றன.

நண்பனிடம் பெருமையாகக் காட்டினேன். மேலிருந்து பார்த்தவன், "எல்லாம் சரி, மூக்கைக் கோணலா ஒட்டிட்டியே" என்றான். மோட்டார் இழுப்பைச் சமாளிக்க 2 டிகிரி வலப்பக்கம் சாய்த்த முன்சட்டம் அது. உடலில் நான் வேண்டுமென்றே கோணலாக வைத்தது அது ஒன்றுதான்.