மாரிட்ஸ்பர்க்கில் கொள்ளுத்தாத்தாவைத் தேடப் போகிறீர்களா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த முன்னோரைத் தேடுகிறவர்கள், குடும்பப் பெயரை மட்டும் நம்பி பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துக்கு வண்டி ஏறாதீர்கள். கோவெந்தர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று இன்று நம் அடையாள அட்டையில் நிற்கும் பெயர், அவர்கள் வந்திறங்கிய கப்பல் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. அங்கே இருப்பது ஆளின் ஒற்றைப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு மச்சம். இத்தனைக்கும் முன்னால் ஓர் எண். காலனி அரசு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த கலோனியல் நம்பர் என்பது அதுதான். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, 1911இல் ஆள் எடுப்பது நிற்கும்வரை ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். முனுசாமிகள் மட்டுமே எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எண்ணை முதலில் வீட்டில் தேடுங்கள். ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுவிப்புச் சீட்டு, அதன்பின் இங்கேயே தங்க மூன்று பவுன் வரி கட்டிய லைசென்ஸ், இந்தியக் குடியேறிகளைக் கவனித்த அதிகாரியான ‘பாதுகாவலர்’ அலுவலகத்தில் பதிந்த திருமணச் சீட்டு என்று ஏதாவது ஒன்று பெரிய வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கும். ஒன்றும் இல்லையென்றால் டர்பனில் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுதூலி ஆவண மையத்தின் கப்பல் பட்டியலைப் பாருங்கள். பெயரை வாய்விட்டுச் சொல்லி, வெள்ளைக்கார குமாஸ்தா காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துத் தேட வேண்டும். ஒரே ஆள் இரட்டை ‘ஓ’ போட்டு மூன்சாமியாகவும், ‘யூ’ போட்டு முனுசாமியாகவும், நடுவில் ‘ஐ’ வந்து முனிசாமியாகவும் இருப்பார். தகப்பன் பெயரும் ஊரும் ஒத்துவந்தால்தான் நம்ம ஆள். தானே டிக்கெட் எடுத்து வந்த ‘பாசஞ்சர்’ இந்தியர் குடும்பமென்றால் இந்தப் பட்டியலில் தேடுவதே வீண். அவர்களுக்கு எண் கிடையாது.

அடுத்தது நார்ஸ் என்று எல்லோரும் சொல்லும், தேசிய ஆவணக் காப்பகத்தின் கணினி அட்டவணை. அதில் கோப்பின் படம் வராது, அது எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் வரும். அந்த முகவரியில் முதலில் பார்க்க வேண்டியது ‘டிப்போ’ என்ற கட்டம், அதாவது கோப்பு எந்தக் காப்பகத்தில் என்பது. என்.ஏ.பி. என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க், டி.பி.டி. என்றால் டர்பன். எரிச்சல் அடங்காத விஷயமே இதுதான். ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டால், “இந்தியர் கோப்பெல்லாம் இங்கேதான், வாங்க” என்றார் ஒருவர். எண்பது கிலோமீட்டர் என்3 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போய் நின்றால், கேட்ட கோப்பு கிளம்பின ஊரிலேயே இருக்கிறது! போனில் வரும் வாக்கை நம்பாதீர்கள். மூன்றெழுத்தை நம்புங்கள்.

டிப்போவுக்கு அடுத்த கட்டம் ‘சோர்ஸ்’, எந்த அலுவலகத்துக் கோப்பு என்பது. இரண்டு ‘ஐ’ இருந்தால் இந்தியக் குடியேற்றத் துறை. எம்.எஸ்.சி.இ. என்றால் இறந்தவர் சொத்துக் கோப்பு. சி.எஸ்.ஓ. காலனிச் செயலர் அலுவலகம். வகை என்ற இடத்தில் ‘லேர்’ என்றிருக்கும்; ஆப்பிரிகான்ஸில் கோப்பு என்று பொருள், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். வால்யூம் எண், ரெஃபரன்ஸ் எண் இரண்டையும் காப்பகத்தில் கோப்பு கேட்கும் சீட்டில் எழுதுங்கள். ஒன்றை விட்டாலும் சீட்டு அப்படியே திரும்பி வரும், அதுவும் ஒரு மணி நேரம் கழித்து. வீட்டிலேயே தேடி அச்செடுத்துப் போவது உத்தமம். உள்ளே பென்சில்தான், பேனா கூடாது. பையை வெளியே வைத்துவிட வேண்டும்.

இனி கவுண்டர். நூறு வருஷத்துக்கு முந்தைய கோப்புக்கு, “உறவு என்பதற்கு இறப்புச் சான்றிதழ் எங்கே?” என்று கேட்ட ஆளும் உண்டு. அந்தச் சான்றிதழுக்கான விவரத்தைத் தேடித்தானே கோப்பையே கேட்கிறோம்! வாக்குவாதம் வேண்டாம். 1996ஆம் ஆண்டின் 43ஆம் எண் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம், 20 ஆண்டு கடந்த ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்கிறது. அந்த எண்ணை மெதுவாகச் சொல்லி, மேலதிகாரியைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கோப்பு வந்துவிடும். முகம் மட்டும் கடுகடுவென்றிருக்கும், போகட்டும்.

சொத்துக் கோப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். “நம்ம தாத்தாவுக்கு ஏது சொத்து” என்று அதை விட்டுவிடுகிறவர்கள் பலர். அதிலுள்ள ‘டெத் நோட்டீஸ்’ இறப்புச் சான்றிதழ் அல்ல, வேறு தாள். பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், மனைவி, பிள்ளைகள் பெயர் என எல்லாம் ஒரே பக்கத்தில். பிறந்த ஊர் என்ற இடத்தில் வெறுமனே ‘மெட்ராஸ்’ என்று எழுதி ஏமாற்றுவதும் உண்டு. பிள்ளைகள் பட்டியலை மட்டும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துக் குழப்பம் அங்கேதான் தீரும். அந்தத் தாளில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வீட்டு முகவரி லாங்மார்க்கெட் தெரு என்றிருந்தால் இன்று அது லங்காலிபாலேலே தெரு. லூப் தெரு, ஜாபு இண்ட்லோவு தெரு. பழைய பெயரைச் சொல்லி வழி கேட்டால் இளவட்டங்களுக்குத் தெரியாது.

ஊர் தேடுகிறவர்களுக்கு இன்னொன்று. பட்டியலில் ‘நார்த் ஆர்க்காட்’ என்று கண்டதும் வேலூர்ப் பக்கம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1911 வரை சித்தூரும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது, அதுதான் தலைநகரும்கூட. தாலுகா பெயரைப் பார்த்தபிறகே தமிழ்நாடா ஆந்திராவா என்று சொல்ல முடியும். இதைப் பார்க்காமல் இந்தியாவுக்கு டிக்கெட் போட்ட குடும்பங்கள் உண்டு.

கோப்பு வரும்வரை சும்மா உட்கார வேண்டாம். சர்ச் தெருவில் காந்தி சிலை, ரயிலிலிருந்து அவர் தள்ளப்பட்ட நூறாவது ஆண்டான 1993இல் வைத்தது. ஐந்து நிமிடம் போதும். எழுத்தாளர் ஆலன் பேட்டன் பெயரிலுள்ள ஆவண மையம் இவ்வூர்ப் பல்கலைக்கழக வளாகத்தில். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நேரத்தைச் செலவழிக்கத் தக்கது நகர நூலகம்தான். இதே ஊரில் 1937இல் பிறந்த எழுத்தாளர் பெஸ்ஸி ஹெட் பெயரைத் தாங்கி நிற்கிறது. சட்ட வைப்பு நூலகம் என்பதால் நாட்டில் அச்சாகும் புத்தகத்தின் ஒரு பிரதி அங்கே வர வேண்டும். அதனால் நாவல் கேட்காதீர்கள். கோயில் நூற்றாண்டு மலர், தமிழ்ப் பள்ளி ஆண்டு மலர் இருக்கிறதா என்று கேளுங்கள். சட்டப்படி வந்திருக்க வேண்டும், அனுப்பினார்களா என்பது அந்தந்த கமிட்டியைப் பொறுத்தது. வந்திருந்தால் நன்கொடையாளர் பட்டியலில் நம் ஆட்களின் முழுப்பெயர் கிடைக்கும். ஊர்ப் பழைய புத்தகக் கடைகளில் தமிழ் தேட வேண்டாம்; நேட்டால் வரலாறு, பழைய வரைபடம் தேடினால் அதிர்ஷ்டம் அடிக்கலாம்.

பழைய தமிழ் அச்சைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எந்த ஆண்டு என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். காந்தியின் இதழான இந்தியன் ஒப்பீனியன் 1903இல் நான்கு மொழியில் தொடங்கியது. 1906இல் தமிழ்ப் பகுதியை நிறுத்திவிட்டார்கள். அடுத்த சில ஆண்டு இதழ்களைப் புரட்டித் தமிழ் இல்லையே என்று நூலகரிடம் கோபித்துப் பயனில்லை. பி.எஸ். ஐயர் 1908இல் டர்பனில் தொடங்கிய ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் இதழில் தமிழும் இருந்தது, அதையும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, போனில் படம் எடுக்க அனுமதி கேட்டு எடுங்கள். முதல் படம் கோப்பின் மேலட்டை, எண் தெரிகிற மாதிரி. பிறகு ஒவ்வொரு தாளின் பின்பக்கமும். பென்சிலில் கிறுக்கிய இரண்டாவது கலோனியல் நம்பர், அதாவது மனைவியின் எண், பின்பக்கத்தில் ஒளிந்திருக்கலாம்.