பெரிய காரியங்கள்: லெந்து நாட்குறிப்பு, 2025

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் நாள். காலை ஆராதனை முடிந்து அப்படியே பள்ளிக்கூடம் போனேன். இந்த லெந்தில் எதை விடப்போகிறாய் என்று இவர் கேட்டார். கறியும் மீனும் வருடாவருடம் நிறுத்துவதுதான், எனக்கு அது ஒரு இழப்பே இல்லை. வலிக்கிறதை அல்லவா விட வேண்டும்? அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன்: ஈஸ்டர் வரைக்கும் மெயிலை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் திறப்பேன், அதுவும் இரவு ஜெபத்துக்கு அப்புறம்.

என் நாவலைப் போடுவதா இல்லையா என்று மார்ச் கடைசிக்குள் சொல்லிவிடுவதாகத்தான் பதிப்பாளர் எழுதியிருந்தார்.

மார்ச் 6, வியாழன்

ஒன்பது தடவை திறந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அறிவிப்பு நேரத்தில் போதகர் ஐயா எங்கள் சபைத் தம்பி ஒருவனை முன்னால் கூப்பிட்டார். அவன் எழுதின புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். சென்னையில் பெரிய விழா நடந்ததாம், பத்திரிகையில் படம் வந்ததாம். பொன்னாடை போட்டார்கள். சபை முழுவதும் கை தட்டியது. லெந்து நாட்களில் கோயிலுக்குள் கை தட்டலாமா என்று என் மனது உடனே கேட்டது. முறை தவறினதால் வந்த கேள்வி இல்லை அது. எனக்குத் தட்டியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

ஓய்வுநாள் பள்ளியில் நான் வசனம் சொல்லிக்கொடுத்த பையன் அவன். "அக்கா, நம்ம ஊர்ல உங்களுக்குத்தான் முதல் பிரதி" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றபடியே நாற்பது பக்கம் படித்தேன். மோசமாக இருந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நன்றாக இருக்கிறது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, அவருடைய சைக்கிளை யார் உருட்டிக்கொண்டு போவது என்று அண்ணன் தம்பிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற இடம் ஒன்று வருகிறது. அதை நான் எழுதியிருக்க வேண்டும்.

ஆண்டவரே, அவனுக்காக நான் மெய்யாகவே சந்தோஷப்படும்படி செய்யும்.

மார்ச் 11, செவ்வாய்

சித்தி போன் செய்தாள். அம்மா.

மார்ச் 14, வெள்ளி, இரவு

இடது கை, இடது கால். பேச்சு குழறுகிறது, ஆனால் ஆட்களை அடையாளம் தெரிகிறது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். மூன்று தடவை கேட்ட பிறகுதான் புரிந்தது. "ஏட்டி, சாப்பிட்டியா?"

கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. தூக்கம் வரவில்லை, எரேமியா வாசித்தேன். இப்போதெல்லாம் எரேமியாவை விட அவருக்கு எழுதிக்கொடுத்த பாருக்கிடம்தான் எனக்கு மனது போகிறது. தீர்க்கதரிசி வாயால் சொல்லச் சொல்ல இவன் மையினால் எழுதுகிறான். தேவாலயத்தில் எல்லாரும் கேட்க வாசிக்கிறவனும் இவன்தான். யோயாக்கீம் ராஜா கணப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்க அதைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான், சுருள் தீரும்வரை. அப்புறம் பாருக்கு வேறொரு சுருளை எடுத்து முதல் வார்த்தையிலிருந்து எழுத வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாம் தடவை அவன் கை எப்படி இருந்திருக்கும்?

நாற்பத்தைந்தாம் அதிகாரம் இவனுக்கென்றே இருக்கிறது. ஐந்தே வசனம். இளைத்துப்போனேன், இளைப்பாறுதலைக் காணாதே போனேன் என்று புலம்புகிறான். அதற்குப் பதில்: "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே."

என்ன பெரிய காரியத்தைத் தேடினான் என்று அங்கே எழுதவில்லை. அந்தச் சுருளில் ஓர் ஓரத்திலாவது தன் பெயர் இருக்க வேண்டும் என்று தேடியிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மார்ச் 15, சனி

அம்மா மூக்கில் டியூப் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று மெயிலைத் திறந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 19, புதன்

கிறிஸ்தவக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பிறந்தது 1827. அவருடைய காவியம் இரட்சணிய யாத்திரிகம் நூலாக வந்தது 1894. அப்போது அவருக்கு 67 வயது. எனக்கு 44. இன்னும் 23 வருடம் இருக்கிறது என்று மனது கணக்குப் போட்டு ஆறுதல்பட்டது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நாவல் 1879ல் அச்சானபோது அவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அதையும் கணக்குப் போட்டேன்.

வணங்கிப் படிக்க வேண்டியவர்களை, எத்தனை வயதில் வெளியே தெரிந்தார்கள் என்று பார்ப்பதற்காகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எப்போதிலிருந்து இப்படி ஆனேன்? கல்லூரியில் படிக்கும்போது அந்தக் காவியத்தை எடுத்தால் கம்பனின் சத்தம் காதில் கேட்கும். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறின நாக்கு, முப்பது வயதுக்கு மேல் ஞானஸ்நானம் வாங்கின பிறகும் அந்தத் தமிழை விடவில்லை. அன்றைக்கு அவர் வயது எனக்குத் தேவைப்படவில்லை.

போன ஞாயிறு "சத்தாய் நிஷ்களமாய்" பாடினோம். அவர் பாட்டுதான். எழுதினது யார் என்று அங்கே பாடினவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. பின்வரிசையில் தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு புத்தகம் பார்க்காமல் பாடினார். ஒரு மனிதன் எழுதினது இப்படிப் போய்ச் சேர்ந்தால் போதாதா? போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்றைக்கு எழுத முடியவில்லை.

மார்ச் 22, சனி

அம்மா வேதாகமம் கேட்டாள். எடுத்து வர முதலூரில் அம்மா வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்து வாசம் மாறியிருந்தது. கட்டில் தலைமாட்டில் இருந்தது வேதாகமம்.

உள்ளே சங்கீதத்தில் மடித்து வைத்த தாள். 2011 கிறிஸ்மஸ் இதழில் வந்த என் கதை. அந்தக் கதை பெயர் இல்லாமல் வந்தது. கேட்டதற்கு, இடம் போதவில்லை என்றார்கள், அப்புறம் "உங்க பேரு கர்த்தருக்குத் தெரியும் சிஸ்டர்" என்றார்கள். அந்தப் பதிலை பதிமூன்று வருடமாக நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. கர்த்தருக்குத் தெரியும் என்பதைச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. என் பெயரை விட்டவர்களுக்கு இல்லை.

அம்மா கத்தரித்து வைத்திருக்கிறாள். தலைப்புக்குக் கீழே பால்பாயிண்ட் பேனாவில் "இது எம்மகள் எழுதினது" என்று எழுதி, வீட்டில் கூப்பிடுகிற பெயரைப் போட்டிருக்கிறாள். அழுத்தி எழுதினதில் தாள் ஓர் இடத்தில் கிழிந்திருக்கிறது. மடித்து மடித்து மடிப்பில் எழுத்து போய்விட்டது. எத்தனை பேரிடம் காட்டியிருப்பாள்? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்து சீட்டில் இருந்த பெண், "துட்டிக்குப் போயிட்டு வாறியளா?" என்று கேட்டார், சாவு வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று நினைத்து.

மார்ச் 28, வெள்ளி

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாள். அறைக் கண்காணிப்பு. ஒரு பிள்ளை கூடுதல் தாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடிக்கிறவரை தலை நிமிரவில்லை. திருத்துகிறவருக்கு இவள் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டு விரலை உதறினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மார்ச் 31, திங்கள்

மார்ச் முடிந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று கோபம். யார் மேல் என்று பிரிக்க முடியவில்லை, எல்லார் மேலும்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே கையெழுத்துப் பிரதியைத் திருச்சபைப் பதிப்பகம் ஒன்றுக்குக் கொடுத்தேன். தாத்தா சபையில் உபதேசியாராக இருந்தும் கள் குடித்துவிட்டு வந்த இரவையும், பாட்டி அவரைக் கோயில் திண்ணையில் படுக்கச் சொன்னதையும் எடுத்துவிடச் சொன்னார்கள். "வாசிக்கிறவங்களுக்கு இடறலா இருக்கும்" என்றார்கள். நான் எடுக்கவில்லை. எனக்கு அந்தத் திண்ணைதான் சுவிசேஷம். மறுநாள் காலையில் அதே திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்தார், குரல் நடுங்க. அதை விட்டுவிட்டால் என் தாத்தா இல்லை, யாரோ ஒரு உபதேசியார்.

எழுதுகிறது எல்லாம் மகிமைக்காகத்தான், பெயருக்காக இல்லை என்று எங்கள் கூட்டங்களில் எல்லாரும் சொல்கிறோம். சொல்லிவிட்டு யார் பெயரை முதலில் வாசித்தார்கள் என்று கவனிக்கிறோம். ஏன் நமக்குள்ளே இதைப் பேசுவதில்லை? கோபத்தைப் பற்றிப் பிரசங்கம் உண்டு, பண ஆசையைப் பற்றி உண்டு. பாராட்டுக்காக ஏங்கி ராத்திரி முழித்துக் கிடப்பதைப் பற்றி நான் கேட்டதே இல்லை.

ஆங்கிலக் கவிஞர் ஹாப்கின்ஸ் 1868ல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேருமுன் தன் கவிதைகளை எரித்தார். அடுத்த ஏழு வருடம் ஏறக்குறைய ஒன்றும் எழுதவில்லை. 1875 டிசம்பரில் ஒரு ஜெர்மன் கப்பல் இங்கிலாந்துக் கரையில் தரைதட்டி ஐந்து கன்னியாஸ்திரிகள் இறந்தார்கள். இதை யாராவது பாட்டாக எழுதினால் நல்லது என்று அவருடைய மேலாளர் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது, நீண்ட கவிதை வந்தது. அதையும் சபையின் சொந்தப் பத்திரிகையே போடவில்லை. 1889ல் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டது 1918ல். இறக்கும்போது அவருக்கு 44 வயது. மறுபடியும் வயது.

எரித்தது கீழ்ப்படிதலா, பயமா? நான் எரிக்க மாட்டேன். அதைப் பரிசுத்தம் என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை.

அமெரிக்க எழுத்தாளர் பிளானரி ஓ'கானரிடம்தான் எனக்கு மூச்சு விட முடிகிறது. 1946, 47ல், அயோவாவில் படிக்கும்போது, ஒரு சாதாரண நோட்டில் கடவுளுக்குக் கடிதம்போல எழுதிக்கொண்டு வந்தாள். இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளை. என்னை நல்ல எழுத்தாளராக ஆக்கும், இன்னொரு கதையும் எங்காவது ஏற்கப்பட உதவும் என்று நேராகவே கேட்கிறாள். ஆசையைக் குப்பைபோல வாசலில் தள்ளிவிட்டு ஜெபிக்க வரவில்லை, அதையும் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வருகிறாள். எனக்கு இது தெரியாமல் போய்விட்டது. பதினைந்து வருடமாக நான் ஜெபத்தில் அம்மாவைச் சொல்வேன், பள்ளிக்கூடத்தைச் சொல்வேன், தேசத்தைச் சொல்வேன். இந்த நாவலை ஒரு நாளும் சொன்னதில்லை.

இன்று சொன்னேன். சத்தமாக. இவர் பக்கத்து அறையிலிருந்து "யார்ட்ட பேசுற?" என்று கேட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஓ'கானர் உயிரோடிருக்கும்போது அந்த நோட்டு வெளிவரவில்லை. 2013ல்தான் புத்தகமானது, இறந்து ஐம்பது வருடம் நெருங்கும்போது. நான் இதை அன்றன்றே எல்லாரும் பார்க்கப் போடுகிறேன். மனுஷர் காண ஜெபிக்கிறவர்களைப் பற்றி மத்தேயு ஆறில் இயேசு சொன்னது: "அவர்கள் தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது." அடைந்து தீர்ந்தது என்ற வார்த்தையைத் தாண்டி வாசிக்க முடியவில்லை.

ஆனாலும் போடுகிறேன். நேற்றைக்கு எழுதினதைப் படித்துவிட்டு ஒரு கன்னியாகுமரிக்காரி, "அக்கா, நானும்தான்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வந்துவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு, எட்டாம் வகுப்பில் இருந்தேன். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

மறுக்கவில்லை. நடை பிடித்திருக்கிறது, எங்கள் பக்கத்துச் செம்மணல் காடான தேரிக்காட்டைப் பற்றின பக்கங்கள் மிகவும் பிடித்திருக்கின்றன. "ஜெபம் சற்று அதிகமாக இருக்கிறது. பொது வாசகர் விலகிவிடக்கூடும். மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் இந்த வருடமே கொண்டுவரலாம்."

இந்த வருடமே.

அங்கே கள்ளை எடு என்றார்கள். இங்கே ஜெபத்தை எடு என்கிறார்கள். என் தாத்தா இரண்டும் சேர்ந்த ஆள். இதை எழுதும்போது கோபம் வர வேண்டும், வரவில்லை. எதை எடுக்கலாம் என்று சாயங்காலமே பென்சிலால் குறிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

தாத்தாவை ஜெபிக்காமல் நடக்க வைத்துப் பார்த்தேன். நடக்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

அம்மா வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. கோயிலுக்குக் கூட்டிப் போக முடியாது, குருத்தோலைச் சிலுவை ஒன்று கொண்டுவந்து நல்ல கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள்.

இயேசுவை எருசலேமுக்குச் சுமந்து போன கழுதை, கைதட்டல் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டதாம். வருடாவருடம் சொல்கிற பிரசங்க உதாரணம். சபை வழக்கம்போலச் சிரித்தது. எனக்கு இந்த வருடம் சிரிப்பு வரவில்லை. கழுதை ஒன்றும் நினைத்திருக்காது. முதுகில் பாரம், காலடியில் யார் யாருடைய வஸ்திரமோ, அது பாட்டுக்கு நடந்திருக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

பதில் எழுதவில்லை.

ஏப்ரல் 16, புதன்

அம்மாவுக்குப் பேச்சு தெளிந்துவருகிறது. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. சாயங்காலம் "என்னமோ எழுதுனியே, வாசி" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கையில் ஏழாம் அதிகாரம் இருந்தது, பென்சில் கோடுகளோடு. கோடு போட்டதையும் சேர்த்தே வாசித்தேன்.

தாத்தா மத்தியான வெயிலில் தேரியைக் கடந்து போகிற இடம். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். முடித்ததும், "செருப்பு போட்டிருக்க" என்றாள்.

என்னம்மா?

"அப்பாவுக்கு... நீ... செருப்பு போட்டுட்ட. அவியளுக்கு... செருப்பு கிடையாது."

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் "தாகமாயிருக்கிறேன்" எனக்குக் கேட்டது. மற்றது நினைவில் இல்லை.

ஏப்ரல் 19, சனி

ராத்திரி பதினொன்று. நாளைக்கு நாலு மணிக்கு எழ வேண்டும், ஈஸ்டர் ஆராதனை விடியுமுன்.

செருப்பில்லாமல் மத்தியானத்தில் அந்தச் செம்மணலில் யாரும் நடக்க முடியாது. கால் வெந்துவிடும். அப்படியானால் அவர் மத்தியானம் கிளம்பியிருக்க முடியாது. விடியுமுன் கிளம்பியிருக்க வேண்டும், மணல் குளிர்ந்து கிடக்கும்போதே. அப்படியானால் அவர் கிளம்புகிற நேரத்தில் பாட்டி முழித்திருக்கிறாள், அடுப்பு எரிந்திருக்கிறது, திண்ணையில் அவர் படுத்த இடம் இன்னும் சூடாக இருக்கிறது. பனங்காட்டில் வெளிச்சமே இருக்காது. இருட்டில் நடக்கிற மனிதன் சும்மா நடக்க மாட்டார், சத்தமாக ஏதாவது சொல்லிக்கொண்டே போவார், பாம்புக்காகவாவது. என்ன சொல்லியிருப்பார் என்று காலையில் அம்மாவிடம் கேட்க வேண்டும். பாட்டா, ஜெபமா, அல்லது