பத்து மணிக்கு மேல் முளைக்கும் குப்பைமேடு

பெருங்குடிக் குப்பைக் கிடங்கை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. செயற்கைக்கோள் படத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி அது அப்பட்டமாகத் தெரியும். 2022 ஏப்ரலில் பற்றி எரிந்தபோது, வேளச்சேரியில் எங்கள் மொட்டைமாடித் துணியெல்லாம் புகை நாற்றம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இப்படிப்பட்ட கிடங்குகளுக்கென்று ‘லேண்ட்ஃபில்’ என்று தனி வகையே உண்டு. நான் வரைபடத்தில் குறிக்க நினைத்தது தெருமுனைக் குப்பைமேடுகளை. இன்றைக்கு இருந்து நாளைக்கு இல்லாமல் போவதையெல்லாம் அங்கே ஏற்றக் கூடாது என்பது நடைமுறை. சரி என்று, அதே வரைபடத்தின் மேல் நம் புள்ளிகளைத் தனியாக வைத்துக்கொள்ள உதவும் யூமேப்பில் ஓர் அடுக்கு தொடங்கினேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், காலை எட்டு மணிக்குமேல் கைப்பேசியோடு சுற்றியதில் கிடைத்தவை 14 புள்ளிகள். நெருக்கமான சந்துகளில் ஜிபிஎஸ் தாவிவிடும். ஒரு இளநீர் மட்டைக் குவியல் வரைபடத்தில் யாரோ ஒருவர் வீட்டுக்குள் போய் விழுந்திருந்தது. அதைக் கையால் நகர்த்தினேன். வீடு இடித்த ரப்பிஷை மூட்டை கட்டிப் போட்டிருந்த இடங்களையும் சேர்த்துக்கொண்டேன். ‘பரவாயில்லையே, நம்ம ஏரியா சுத்தம்தான்’ என்று கொஞ்சம் பெருமைகூட.

பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் படத்தைக் காட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“எட்டு மணிக்கு வந்து படம் எடுத்தா என் வேலைதான் தம்பி தெரியும். குப்பை எப்படித் தெரியும்? குப்பை வண்டியைத் தவறவிட்டவங்க எல்லாம் ஆபீஸ் போறப்ப தூக்கிப் போட்டுட்டுப் போவாங்க. பத்து மணிக்கு மேல வா.”

அடுத்த செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டேன். பத்தரைக்கு 14 புள்ளிகள் 31 ஆகிவிட்டன. அவர் விரல் வைத்துக் காட்டிய இடம் ஒன்றுகூடத் தப்பவில்லை. இப்போது ஒவ்வொரு புள்ளியிலும் ‘பார்த்த நேரம்’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். முதலிலேயே வைத்திருக்க வேண்டும்.

பிள்ளையார், மேரி மாதா, மெக்கா மூன்றையும் வரிசையாக டைல்ஸில் பதித்த மதில் சுவர் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் ஒரு காகிதம்கூட இல்லை. எட்டு அடி தள்ளி, டைல்ஸ் முடிகிற இடத்தில், முடிச்சுப் போட்ட கறுப்புக் கவர்கள் பதினொன்று. புள்ளியை அங்கே வைத்தேன்.